புரியாணிக்குப் பிறகு கடைசி மேட்ச்

போன மாதம் இங்கே நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குத் தெற்கே மனுகாவில் புதிய பயிற்றுநர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணிகளைப் பொறுப்பெடுக்கப் போகிற இளம் ஆசிரியர்களும் பெற்றோர்களும் வந்திருந்தார்கள். எங்கள் தமிழ் ஆட்களும் கொஞ்சப் பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்குக் கதகதப்பான மூலையில் ஒரு நாற்காலி கிடைத்தது. தேநீர் நேரத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்து இங்கே கணக்குப் படிப்பிக்கிற ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? பந்த எப்படி உதைக்கிறதுன்னு வீடியோ ஆயிரம் இருக்கு. ஆனா சனிக்கிழமை காலையில திடீர்னு ஒரு முடிவு எடுக்கணும்னு வருது பாருங்க, எல்லாரும் நம்ம மூஞ்சியவே பாக்குறாங்க, அப்ப என்ன செய்யறது?”

“அப்ப வயித்தைக் கலக்கும், பிள்ளை,” என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. முப்பது வருசத்துக்குக் கிட்டப் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றவன் நான். முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் முதலில் வேலை செய்வது வயிறுதான், மூளை பிறகுதான் வந்து சேரும். அன்று தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத கதையை இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். எப்படிப் பயிற்சி கொடுத்தோம், யாரை எங்கே நிறுத்தினோம் என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றை உங்கள் வீடியோக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெற்கு ஆக்லாந்தில் ஒரு கல்லூரியில் (இங்கே உயர்நிலைப் பள்ளிக்கூடத்தைத்தான் அப்படிச் சொல்வது) விஞ்ஞான ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. சோதனைக் குழாய் கழுவுவது, அமிலப் போத்தல்களைப் பூட்டி வைப்பது, யாராவது மேசையைக் கொளுத்தினால் அணைப்பது. அங்கே ஒரு உப அதிபர் இருந்தார், தலைமை ஆசிரியருக்கு அடுத்த ஆள். பெயர் வேண்டாம். வாசலில் நின்றால் வெளிச்சம் வராது, அவ்வளவு உடம்பு. பழைய ரக்பி வீரர், முட்டை வடிவப் பந்துக்காரர். ஒரு நாள் ஆய்வுகூட வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். (அவரும் பிள்ளைகளும் பேசியது ஆங்கிலம். எனக்கு அது நினைவில் இருக்கிற தமிழில் எழுதுகிறேன்.)

“நீ ஊரில பந்து விளையாடினனியாமே?”

“ஓம், கல்லூரி அணியில. இடது பின்வரிசை.”

“எந்தப் பந்து?”

“வட்டப் பந்து.”

பெருமூச்சு விட்டார். “வட்டப் பந்து எங்கே போகும் எண்டு முன்னமே தெரியும். அதில என்ன சுவாரசியம்? சரி, அதுக்கும் ஒரு ஆள் வேணும்தானே. முந்தின ஆள் ஆஸ்திரேலியாவுக்குப் போட்டார்.”

என் நியமனம் அவ்வளவுதான். அந்த ஆள் எனக்கு வலைகள் கிடந்த கொட்டகையின் சாவியையும், காற்றுப் போன பந்துகளையும், பதினொரு பிள்ளைகளையும் விட்டுப் போயிருந்தார். வாசலை விட்டு நகரும்போது உப அதிபர் இன்னொன்றும் சொன்னார்.

“இந்த வருசம் உன்ர அணி பிரிவில கடைசியா வந்தால், உங்கட மைதானம் எங்கட இளைய ரக்பி அணிக்கு. அவங்களுக்கு இடம் காணாது. முதலாவதா வா எண்டு கேக்கேல்ல. கடைசியா வராதே, அவ்வளவுதான்.”

அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் அந்தப் பருவம் முழுவதும் எங்களுக்கு ஒரே ஒரு நோக்கம்தான் இருந்தது, மைதானத்தைக் காப்பாற்றுவது.

அணித் தலைவனாகப் பெனியைப் போட்டேன். சமோவாப் பிள்ளை. அகலமான தோள், மெதுவான பேச்சு. அவனைவிட நன்றாக விளையாடுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் பயிற்சி முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, ஒருவரும் சொல்லாமலே கோல் வலையைச் சுருட்டிக்கொண்டு நிற்பவன் அவன்தான். ஒருநாள் நான் எல்லைக் கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இடைவேளையில் பக்கத்தில் வந்து, காதோடு காதாக, “சேர், பந்துக்குக் காது இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு நான் கத்துவதைக் குறைத்தேன். முற்றாக நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன், நானும் யாழ்ப்பாணத்து எல்லைக் கோடுகளில் வளர்ந்தவன்.

கோல் காப்பவன் பிரதீபன். எங்கள் பிள்ளை. தாயும் அவனும் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருசம் இருக்கும். தகப்பன் வந்து சேரவில்லை. தாய் தவமணி அக்கா ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆங்கிலம் பழகவில்லை, பழகுகிற வேலையுமில்லை, அங்கே பேசுவது இயந்திரம் மட்டும்தான். கிழமையில் அவருக்கு ஆட்களோடு நிற்கிற ஒரே பொழுது சனிக்கிழமை, எங்கள் மேட்ச்.

முதல் தடவை வந்தவர், பிள்ளைகள் இடைவேளையில் தோடம்பழம் என்கிற ஆரஞ்சுத் துண்டைச் சப்புவதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“என்ன மாஸ்டர் உது? காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற மாதிரித் தோடம்பழம்? உதைச் சாப்பிட்டிட்டு என்னெண்டு ஓடுவினம்?”

“இஞ்சத்தைய பழக்கம் அக்கா.”

“நல்ல பழக்கம்! வயிறு காஞ்சால் கால் எங்காலை எழும்பும்? வாற கிழமை நான் பாக்கிறன்.”

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் வான் வண்டியில் ஒரு கிடாரம் வந்து இறங்கியது. கிடாரம் என்றால் கோயில் அன்னதானத்துக்கு அடுப்பில் ஏற்றுகிற அளவு பெரிய பாத்திரம். பிட்டு, செம்மறியாட்டுக் கறி. விளையாட்டுக்கு முன்னால், மைதானத்து ஓரத்தில், ஒவ்வொருத்தனுக்கும் தட்டு நிறைய. “இன்னும் கொஞ்சம் ராசா, இன்னும் கொஞ்சம்.” வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைகளில் ஒருத்தனுக்கும் தெரியாது. பாதிப்பேர் பசிபிக் தீவுப் பிள்ளைகள். ஒரு தாய் தட்டை நீட்டினால் வாங்கித்தான் தீரவேண்டும் என்று வளர்ந்தவர்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. நானும் வாங்கினேன்.

சாப்பிடாதவன் பிரதீபன் மட்டும். தூரத்தில் குந்தியிருந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே இருந்தான். அத்தனை நேரம் கட்டுவதற்கு அந்தச் சப்பாத்தில் நூலில்லை. “தம்பி, ஒரு வாய்” என்று தாய் கூப்பிட, தலை நிமிராமல், “நொட் நௌ, மம்” (இப்ப வேண்டாம்) என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயைக் கண்டால் வெட்கம்தான். தாய் கிடாரத்தோடு வந்தால் சொல்லவே வேண்டாம்.

மேட்ச் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எங்கள் நடுவரிசை நடுவில் உட்காராத குறை. பெனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். பிரதீபன் மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டிருந்தான், பாவம். ஏழு கோல் விழுந்ததா எட்டா என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முடிந்ததும் உப அதிபர் வந்தார். “அந்தப் பானையை நிப்பாட்டு.”

சரியான ஆலோசனைதான். ஆனால் நிப்பாட்டுவது எப்படி? தவமணி அக்காவுக்கு அந்த மைதானத்தில் வேறு பேச்சு இல்லை. கிடாரம்தான் அவருடைய பேச்சு. அதை மூடச் சொன்னால் அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார், அதற்கடுத்த கிழமை மகனையும் விடமாட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

“அக்கா, இந்த நாட்டில ஒரு முறை இருக்கு. மேட்ச் முடிஞ்ச பிறகு, வந்த அணியும் எங்கட அணியும் சேர்ந்திருந்து சாப்பிடுறது. வீட்டுக்காரர்தான் வந்தவைக்குக் குடுக்க வேணும்.”

“அப்பிடியோ? நல்ல முறைதானே! முதலே சொல்லியிருந்தா நான் ரெண்டு பகுதிக்கும் சமைச்சிருப்பனே.”

சொன்னதில் பொய் இல்லை, அந்த வழக்கம் இங்கே உண்டுதான். இரண்டு பிஸ்கட், ஒரு கோப்பை ஜூஸ் அளவில் இருந்ததை நான் கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன், அவ்வளவே. இதை ஒரு தொழில் நுணுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிரியமாகக் கொண்டுவருவதை மறிக்காதீர்கள். எப்போது கொண்டுவருவது என்பதை மாத்திரம் மாற்றிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு எங்கள் மைதானத்துக்கு வரச் சொன்னால் மற்றக் கல்லூரிகளுக்கு ஒரே சந்தோசம். தோற்றுப்போய் வந்து இரண்டாம் தட்டுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கும் கால் கொஞ்சம் எழும்பியது. வென்றோம், தோற்றோம், சேற்றில் விழுந்தோம், மழைக்கு மேட்ச் நின்றது. குளிர்காலம் முடியும்போது கணக்கு இப்படி வந்து நின்றது. கடைசி மேட்ச் எங்கள் மைதானத்தில். துறைமுகப் பாலத்துக்கு அப்பால், நகரின் வடக்குக் கரையிலிருந்து ஒரு கல்லூரி வருகிறது. அவர்கள் எங்களுக்கு ஒரு படி மேலே. சமநிலை வந்தாலும் அவர்கள் தப்பிவிடுவார்கள், நாங்கள் கடைசி. வென்றால் அவர்கள் கடைசி, எங்கள் மைதானம் எங்களுக்கு.

தவமணி அக்கா அந்தக் கிழமை இந்தியக் கடைகள் இருக்கிற சான்ட்ரிங்ஹாமுக்குப் பஸ் ஏறிப்போய் ஏலமும் கராம்பும் நல்ல அரிசியும் வாங்கி வந்தார். கடைசி மேட்ச், அதனால் ஆட்டிறைச்சிப் புரியாணி.

அன்று காலையில் மழை. வந்தவர்களின் பஸ் நேரத்தோடேயே வந்துவிட்டது. விசில் ஊதி ஆட்டத்தை நடத்துகிற மத்தியஸ்தர் வரவில்லை. முந்தின மேட்ச் பிந்திவிட்டதாம், இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகும் என்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். ஆகவே இரண்டு அணியும் மைதானத்தை ஒட்டிய கொட்டகைக்குள் ஒதுங்கின. வந்த பிள்ளைகள் விடியக் கிளம்பியவர்கள், வயிற்றில் ஒன்றுமில்லை. நனைந்த கோழிகள் மாதிரிச் சுவரோரம் நின்றார்கள். நான் மைதானத்தில் தண்ணீர் தேங்கிய இடங்களை உப அதிபருக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் கொட்டகை மணத்தது.

மூடி திறந்துவிட்டது.

வந்த அணி முழுவதும் நீளமான வாங்குப் பலகையில் வரிசையாக இருந்து சாப்பிடுகிறது. எங்கள் பிள்ளைகள் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்க்கிறார்கள்.

“அக்கா, என்ன இது? மேட்ச் முடிஞ்சல்லோ குடுக்கிறது?”

“ஓம் மாஸ்டர், எனக்குத் தெரியும். எங்கட பிள்ளையளுக்கு முடிஞ்சுதான் குடுப்பன். முறையை விடேல்ல. ஆனா உவங்கள் விடியேக்க பஸ் ஏறின பிள்ளையள். முகத்தைப் பாருங்கோ, வாடிப்போச்சு. வந்த பிள்ளையளைப் பட்டினியா நிக்க வைச்சுக்கொண்டு நான் கிடாரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறதோ?”

அவர் சொன்னதில் பிழை பிடிக்க ஏலாது. நான் சொல்லிக்கொடுத்த முறையையே பிடித்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகளைப் பட்டினியாகவும் எதிர் அணியை நிறைவயிறாகவும் வைத்திருக்கிறார். வேண்டுமென்று திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

அவர்களின் முன்வரிசைக்காரன் ஒருவன், செம்பட்டைத் தலை, ஆறடிக்கு மேல். அந்தப் பருவம் முழுவதும் எல்லா அணிகளுக்கும் கோல் போட்டவன். அவன் இரண்டாம் தட்டை முடித்துவிட்டுக் காற்சட்டை நாடாவை மெல்ல இளக்குவதைக் கண்டேன். எங்கள் பிள்ளைகளும் கண்டார்கள். பிட்டுத் தின்ற நாளை ஒருத்தரும் மறக்கவில்லை. ஒருத்தன் என் காதுக்குள் வந்தான்.

“சேர், அவனுக்கு இன்னொரு தட்டுக் குடுக்கச் சொல்லுங்கோ.”

“இறைச்சியும் கூடப் போடச் சொல்லுங்கோ!” என்றான் இன்னொருத்தன்.

அடக்க முடியாமல் சிரிக்கிறார்கள். உப அதிபரும் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, ஒரு பார்வையில் நிலைமையை விளங்கிக்கொண்டார். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

தம்பி தங்கச்சிமார், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. சும்மா நின்றால் போதும், மைதானம் எங்களுக்கு. ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது. மறுபக்கம், தட்டுகளை நிறுத்தினால் தவமணி அக்காவின் முகம் அத்தனை பேருக்கும் முன்னால், மகனுக்கும் முன்னால், என்ன ஆகும்? பிரதீபன் வழக்கம்போலத் தூரத்தில், கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நிற்கிறான். மூளைக்கு முதல் வயிறு வேலை செய்யும் என்றேனே, அது இந்த இடம்தான்.

முதலில் எதிர் அணியின் பயிற்றுநரிடம் போனேன். இளம் ஆள், புதிது. “இந்தச் சாப்பாடு கொஞ்சம் கனம். எங்கட பிள்ளையள் ஒருக்கால் சாப்பிட்டு விளையாடி ஓட முடியாமல் போச்சு. அளவோட நிப்பாட்டினால் நல்லது,” என்றேன்.

அவர் வாய் நிறையப் புரியாணியோடு சிரித்தார். “பரவாயில்லை, இவங்கள் கல்லையும் செமிப்பாங்கள். நீங்களும் எடுங்கோவன்!”

திரும்பினேன். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்காதது அவர் பாடு. மனச்சாட்சிக்கு ஒரு ரசீது கிடைத்த மாதிரி. இனி நிம்மதியாக நிற்கலாம் என்று பார்த்தால், பெனி முன்னால் நிற்கிறான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

“சொன்னீங்களா சேர்?”

“சொன்னேன். அவர் பகிடி எண்டு நினைச்சிட்டார்.”

“அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.”

“இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? தட்டைப் பறிக்கவா?”

“சேச்சே! சாப்பிடுறவன்ர தட்டில கை வைச்சா எங்கட அம்மா என்னைக் கொல்லுவா.” கொஞ்சம் யோசித்தான். பேசுவதற்கு முன் அவனுக்கு எப்போதும் நேரம் தேவை. “எங்கட வீட்டில விருந்தாளி முதல். அதுக்குப் பிறகு நாங்கள். ஆனா ரெண்டுக்கும் நடுவில ஒரு மேட்ச் வைக்கிறதில்லை சேர்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவன் பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் ஒன்றை எடுத்தான். கிடாரத்துக்கு முன்னால் போய் இரண்டு கையாலும் நீட்டினான்.

கொட்டகையில் சிரிப்பு நின்றது. “பெனி, உனக்கென்ன பைத்தியமா?” என்றான் ஒருத்தன். “நாங்கள் வெல்ல வேணுமடா!”

“வெல்லுவம்,” என்றான் பெனி. “அவங்களும் நாங்களும் ஒரே மாதிரி நிண்டு வெல்லுவம்.”

தவமணி அக்காவுக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. கரண்டியை உயர்த்தியபடி என்னைப் பார்த்தார். “மாஸ்டர், பிறகெண்டெல்லோ சொன்னனீங்கள்? இப்ப குடுக்கட்டோ, வேண்டாமோ?”

அத்தனை முகங்களும் என் பக்கம். உப அதிபரின் முகமும். ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு நியாயமான காரணம் இருந்தது. அந்த மைதானத்துக்காகப் பிள்ளைகள் ஒரு குளிர்காலம் முழுவதும் சேற்றில் உருண்டிருந்தார்கள். ‘குடுங்கோ’ என்றால் அதையும் சேர்த்துத்தான் அந்தத் தட்டில் போடச் சொல்கிறேன். ஆனால் தலைவன் என்று ஒருவனைப் போட்டுவிட்டு, அவன் முதல்முறையாகத் தலைவனாக நிற்கும்போது காலை வாரிவிட முடியுமா?

“குடுங்கோ அக்கா. இண்டைக்கு எல்லாரும் ஒண்டாத்தான்.”

ஒவ்வொருத்தராக வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள், ஆனால் வந்தார்கள். கடைசியில் பிரதீபன் மட்டும் நின்றான். பெனி அவனைப் பார்த்தான், வா என்று கூப்பிடவில்லை. வாங்கில் தன் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டான், அவ்வளவுதான். பிரதீபன் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாயிடம் போனான்.

“அம்மா, எனக்கும்,” என்றான், தமிழில்.

அக்கா கரண்டியை ஆழ விட்டு அள்ளினார். போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். “அம்மா, காணும், காணும்!” என்று அவன்தான் மறிக்க வேண்டியிருந்தது. செம்பட்டைத் தலையன் அந்தப் புரியாணி மலையைப் பார்த்துவிட்டு, “அவ உன்ர அம்மாவா? குடுத்துவைச்சவன்,” என்றான். பிரதீபனின் காது சிவந்தது. ஆனால் எழும்பிப் போகவில்லை.

மத்தியஸ்தர் வந்து பார்த்தபோது இருபத்திரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கால் நீட்டி இருந்தார்கள். “இஞ்ச மேட்சா, கலியாணமா?” என்றார். அவருக்கும் ஒரு தட்டுப் போனது. அவரும் மறுக்கவில்லை.

அப்படி ஒரு மேட்சை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பந்து போகும், போகும் பந்தை இருவர் நின்று மரியாதையோடு பார்ப்பார்கள், நீ போ, நீ போ என்று விட்டுக்கொடுப்பார்கள். எறிபந்து எறியப் போனவன் பந்தை எடுத்துவரக் குனிந்து, நிமிர ஒரு யுகம் எடுத்தான். மத்தியஸ்தரின் விசிலில் இருந்து பாதிக் காற்றுத்தான் வந்தது. எல்லைக் கோட்டில் நின்ற எதிர் அணிப் பயிற்றுநர் இடைவேளையில் என்னிடம் வந்து, “நீங்கள் அப்ப சொன்னது உண்மையாத்தான் சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“சொல்லிப்போட்டு உங்கட பிள்ளையளையும் சாப்பிட விட்டீங்களா?”

“நான் விடேல்ல. தலைவன் கேட்டான்.”

அவர் பெனியை நெடுநேரம் பார்த்தார்.

இரண்டாம் பாதியில் கொஞ்சம் செமித்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் வேகம் பிடித்தார்கள். தவமணி அக்கா சமையல் அவர்களுக்குப் பழகின சமையல்தானே. செம்பட்டைத் தலையன் ஒருதடவை தனியாக வந்து உதைத்ததைப் பிரதீபன் விழுந்து தட்டினான். விழுந்தவன் எழும்ப நேரமெடுத்தான். எழும்பியதும் வயிற்றைத் தடவிக்கொண்டு தாய் நின்ற பக்கம் பார்த்துச் சிரித்தான்.

முடியும் தறுவாயில் அந்த ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் நடுவரிசையில் இருந்து ஒரு நீளமான பந்து. பெனி அதைப் பிடித்தான். முன்னால் கோல் காப்பவன் மட்டும். கொட்டகைப் பக்கத்தில் நின்ற சனம் முழுவதும் கத்தியது. உப அதிபர் குடையைத் தூக்கி எறிந்தார், வட்டப் பந்துக்காக! பெனி ஓடினான். இன்னும் ஐந்தாறு அடிதான். அப்போது அவன் கை விலாவுக்குப் போவதைக் கண்டேன். பிடித்துக்கொண்டது. ஓட்டம் ஒரு கணம் தளர்ந்தது. உதைத்தான், பந்து உருண்டு போய்க் கோல் காப்பவன் கைக்குள் படுத்துக்கொண்டது.

விசில் அடித்தது. ஒரு கோலும் இல்லை. சமநிலை. அவர்கள் தப்பினார்கள், நாங்கள் கடைசி.

பெனி நடுமைதானத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். கிட்டப் போனேன். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நானும் குந்தினேன். அவனே சொன்னான், “ரெண்டாவது தட்டு வாங்கியிருக்கக்கூடாது சேர். ஆனா பிரதீபன்ர அம்மா கரண்டியை நீட்டிக் கேட்டவ.”

தவமணி அக்காவுக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. “கோல் விழாட்டி என்ன மாஸ்டர், ஒருத்தரும் பசியோட வீட்டை போகேல்ல.” மைதானம் போன கதையை நான் அவருக்கு அன்று சொல்லவில்லை. கிடாரத்தின் ஒரு காதைப் பிரதீபனும் மறு காதைச் செம்பட்டைத் தலையனும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வான் வண்டிக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு உப அதிபரின் அறைக்குப் போனேன். மேசையில் வைத்தேன்.

“கடைசி,” என்றார்.

“ஓம்.”

“வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வெண்டிருப்பீங்கள்.”

“ஓம்.”

“நான் சொன்னது சொன்னதுதான். மைதானம் ரக்பிக்கு.”

“தெரியும்.” உண்மையில் எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லை மாற்றியிருந்தால்தான் அவர் மேல் மதிப்புக் குறைந்திருக்கும். எழும்பினேன்.

“இரு,” என்றார். சன்னலுக்கு வெளியே பார்த்தார். “றோட்டுக்கு அங்கால பூங்கா இருக்கு. நகரசபையில கேட்டிட்டன், சனிக்கிழமைகளில பாவிக்கலாம். கோல் கம்பங்கள் இல்லை. கொட்டகைக்குப் பின்னால பழசு ஒரு சோடி கிடக்கு. ரக்பிக்கு அது உதவாது.” சாவியை என் பக்கம் தள்ளினார். “வாற சனிக்கிழமை என்ர பெடியளைக் கூட்டிக்கொண்டு வாறன். தூக்க ஆள் வேணுமெல்லோ.”

தம்பி தங்கச்சிமார், இதை நல்லவனுக்கு நல்லது நடந்த கதையாக எடுக்காதீர்கள். நாங்கள் மைதானத்தை இழந்தோம், அது உண்மை. அடுத்த வருசம் ஒரு பிரிவு கீழே விளையாடினோம், உடை மாற்ற மரத்தடிதான். நான் சொல்ல வருவது வேறு. முடிவெடுக்கிற நேரத்தில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று பயப்படுகிறீர்களே, நீங்களும் ஒருக்கால் அவர்களின் முகங்களைப் பாருங்கள். அங்கே ஒருத்தன் உங்களுக்கு முன்னமே முடிவெடுத்துவிட்டு, நீங்கள் தலையாட்டக் காத்துக்கொண்டு நிற்கலாம்.

அந்தச் சனிக்கிழமை ரக்பிப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் துருப்பிடித்த கம்பங்களைத் தோளில் வைத்து, கார்களை மறித்து, றோட்டைக் கடந்தார்கள். குழி வெட்டி நட்டார்கள். உப அதிபர் பின்னால் போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். அந்தப் பூங்கா ஓடைப் பக்கமாகச் சரிந்து கிடப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“கம்பம் நேராத்தான் நிக்குது,” என்றார். “நிலம்தான் சரிவு. ஒரு பக்கம் ஏற்றம், மற்றப் பக்கம் இறக்கம். இதில என்னெண்டு விளையாடுவீங்கள்?”

பெனி கையில் இருந்த மண்ணைத் தட்டினான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், வழக்கம்போல நேரமெடுத்தான்.

“வந்தவங்களை இறக்கத்தில ஓட விடுவம் சேர். அவங்கள் சாப்பிட்டிருப்பாங்கள்.”